வாங்குவதற்கு ஒரு முகவரி போதும்

சென்ற கோடையில் வீசிய சூறைக்காற்றில் எங்கள் பல்கலைக்கழக விடுதிச் சாலையில் ஒரு மயில்கொன்றை சாய்ந்தது. ஐதராபாத்தில் ஏப்ரல், மே மாதங்களில் இது வழக்கமே. மறுநாள் காலை ஒப்பந்தக்காரர் அனுப்பிய இருவர் வந்தனர். ஒருவர் கையில் பெட்டி பிரிக்காத புதிய சங்கிலி ரம்பம். காலில் ரப்பர் செருப்பு. தலைக்கவசமோ முகத்திரையோ காதடைப்போ இல்லை. ஒடிசாவின் தென்பகுதியிலிருந்து வேலைக்கு வந்தவர். பெட்டியிலிருந்த ஆங்கிலக் கையேட்டை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டார். மொழியியல் படித்த துணிவில் வாங்கினேன். 'கிக்பேக்' என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

சைகையால் விளக்கியபோது அவர் சிரித்தார். "ஜட்கா" என்றார். இரண்டு ஆண்டுகளாக இந்த வேலை செய்பவருக்கு அது புதிதன்று. ஆனால் பேசப் பேச ஒன்று புலப்பட்டது. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் இருந்தன. தகட்டின் அடிப்புறத்தால் அறுக்கையில் சங்கிலி சிக்கினால் ரம்பம் முன்னே இழுக்கும். மேற்புறத்தால் அறுக்கையில் சிக்கினால் பின்னே தள்ளும். தகட்டு முனையின் மேற்பாதி மரத்திலோ, கண்ணுக்குப் படாத கிளையிலோ உரசினால், ரம்பம் மேலெழும்பி இயக்குபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் திரும்பும். சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுவது. மூன்றாவது நிகழ்வு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்; கையை விலக்க அவகாசம் கிடையாது.

முதலிரண்டையும் உறுதியான நிற்கையும் பிடியும் பெரும்பாலும் சமாளிக்கும். மூன்றாவதற்கு உடல் வலிமை பயன்படாது. முனையை எதிலும் படவிடாதிருத்தல், இடக்கைப் பெருவிரலை முன்பிடியின் கீழே சுற்றி வைத்தல், தோளுக்கு மேலே உயர்த்தி அறுக்காதிருத்தல், தகட்டின் நேர்கோட்டில் தலையை வைக்காதிருத்தல் ஆகியவற்றை முன்னரே கற்றிருக்க வேண்டும். "இறுகப் பிடித்தால் போதும்" என்று அவர் சொன்னது இரண்டு ஜட்காக்களுக்குச் சரி. கொல்லக்கூடிய மூன்றாவதற்குப் போதாது. அவர் கற்றதெல்லாம் முன்னவர் செய்ததைப் பார்த்து.

அன்றிரவு இணையக் கடையொன்றில் தேடினேன். ஏழாயிரம் ரூபாய்க்குள் சங்கிலி ரம்பம் கிடைத்தது. கேட்கப்பட்டவை முகவரியும் கைபேசி எண்ணும் மட்டுமே.

நம் சட்டங்கள் வாங்குபவரைக் கேள்வி கேட்கத் தெரியாதவை அல்ல. அமில வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் பிறப்பித்த ஆணையின்படி, அமிலம் விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும். அடையாள அட்டை பார்க்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது. மர அறுவை ஆலை நடத்த உரிமம் வேண்டும். ஆனால் ஆலைக்கே போகாமல் நின்ற இடத்தில் மரத்தை அறுக்கும் கருவி, மிக்ஸி போல வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் ரம்பத்தைக் காண்பதெல்லாம் குற்றத்துக்குப் பயன்பட்ட, பறிமுதல் செய்யத்தக்க கருவியாகவே. மரத்தை நினைத்த சட்டம் ரம்பத்தைப் பிடித்திருக்கும் மனிதரை நினைக்கவில்லை.

பிலிப்பைன்ஸ் 2002இல் சங்கிலி ரம்பத்துக்கெனவே தனிச் சட்டம் இயற்றியது. அங்கே வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதி தேவை. அதன் நோக்கமும் காடுதான். பிரிட்டனில் எவரும் வாங்கலாம். ஆனால் பணிக்காக இயக்குபவர் உரிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும். முதல் முறை கள்ள வெட்டைத் தடுக்க முயல்கிறது. இரண்டாவது கையையும் கழுத்தையும் காக்கிறது. நமக்கு இரண்டாவதே அவசரம்.

அதற்கான விதை நம்மிடமே இருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரங்களில் உழவுத் தொழிலாளர் கைகளை இழந்ததை அடுத்து, நாடாளுமன்றம் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தை இயற்றியது. விசைக் கதிரடிப்பானைப் போன்ற, ஊரகத்தில் பயன்படும் பிற இயந்திரங்களையும் அறிவிக்கை வழியே அதன்கீழ்க் கொண்டுவர மத்திய அரசுக்கு அது அதிகாரம் அளிக்கிறது. தென்னந்தோப்பிலும் சாலையோரத்திலும் இயங்கும் சங்கிலி ரம்பத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

உரிமம் என்றாலே கையூட்டு என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த அச்சம் நியாயமானது. 2019 மே மாதம் ஃபானி புயலுக்குப் பின் ஒடிசாவின் சாலைகளைத் திறந்தவை இந்த ரம்பங்கள்தாம். கருவி கிடைப்பதை அரிதாக்கினால் இழப்பு நமக்கே. ஆகவே சுமையைக் கூலித் தொழிலாளி மீது ஏற்றாமல், விற்பவர் மீதும் வேலை வாங்குபவர் மீதும் ஏற்றுவோம். சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் இழைகள் கொண்ட காப்புக் காற்சட்டை, முகத்திரையுடன் கூடிய தலைக்கவசம், காதடைப்பு ஆகியவை இல்லாமல் ரம்பத்தை விற்கக்கூடாது. வாங்குபவருக்கு நேரடிச் செயல்விளக்கம் தர வேண்டும். பயிற்சிச் சான்று இல்லாதவரிடம் ஒப்பந்தக்காரர் ரம்பத்தைக் கொடுக்கலாகாது. கையேடு, இயக்குபவர் பேசும் மொழியில் இருக்க வேண்டும்.

கடைசி இரண்டும் நம் வளாகத்திலேயே தொடங்கலாம். மரம் வெட்டும் ஒப்பந்தப்புள்ளியில் ஜிஎஸ்டி எண் கேட்கும் பல்கலைக்கழகம், பயிற்சிச் சான்றையும் கேட்கட்டும். கையேட்டை ஒடியா, தெலுங்கு, இந்தி பேசும் தொழிலாளர்களுடன் அமர்ந்து, அவர்கள் சொற்களிலேயே எழுதுவது மொழியியல் துறைகளின் வேலை. அகராதி பார்த்து உருவாக்கும் கலைச்சொல் அங்கே உதவாது. 'ஜட்கா' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை மூன்றாகப் பிரித்துக் காட்டுவதே தேவை.

அன்று அந்த மனிதர் என் அரைகுறை விளக்கத்தைக் கேட்டு, பெருவிரலைப் பிடியின் கீழே மாற்றி வைத்துக்கொண்டார். காலில் அதே செருப்புடன் கயிற்றை இழுத்து ரம்பத்தைக் கிளப்பினார். அவருக்குக் காயமில்லாமல் வேலை முடிந்தது. ஒரு மாணவர் அவ்வழியே போனதால் கிடைத்த பாதுகாப்பை ஏற்பாடு என்று சொல்ல முடியாது.