சிப்காட் கேட்டுக்கு வெளியே நிற்கும் சுயாட்சி

சுயாட்சி என்ற வார்த்தையை நம்மளவுக்குப் பேசியவர்கள் இந்தியாவில் குறைவு. 1969-ல் ராஜமன்னார் குழு, 1974-ல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஏப்ரலில் குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு. நல்லதுதான். நம் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்று டெல்லியில் உட்கார்ந்து ஒருவர் ஏன் முடிவு செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி.

என் கேள்வி ஒன்றுதான். இந்த நியாயம் கும்மிடிப்பூண்டி சிப்காட் கேட்டைத் தாண்டி ஏன் உள்ளே போவதில்லை?

கொர்னேலியஸ் கஸ்டோரியாடிஸ் என்று ஒரு கிரேக்கர். 1922-ல் இஸ்தான்புல்லில் பிறந்து, பிரான்சில் வாழ்ந்து, 1997-ல் பாரிசில் இறந்தவர். ரஷ்யாவில் முதலாளி போனான், அதிகாரி வந்தான், தொழிலாளி மட்டும் அதே இடத்தில் நிற்கிறான் என்று இடதுசாரிகளிடமே சண்டை போட்டவர். ஆட்டோ என்றால் தான், நோமோஸ் என்றால் சட்டம். தனக்கான சட்டத்தைத் தானே இயற்றுவதுதான் சுயாட்சி என்றார் அவர். சாமி சொன்னது, முன்னோர் சொன்னது, மார்க்கெட் சொன்னது, அதனால் மாற்ற முடியாது என்று நம்பும் சமூகம் அடிமைச் சமூகம். எல்லா விதியும் மனிதன் போட்டது, மனிதனே மாற்றலாம் என்று தெரிந்துகொண்ட சமூகம்தான் சுதந்திரமானது.

இது நமக்குப் புதுசா என்ன? பெரியார் மனுவைப் பற்றிக் கேட்டது இதைத்தானே? புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் இரண்டு பேர் மாலை மாற்றிக்கொண்டால் கல்யாணம் செல்லும் என்று 1967-ல் அண்ணா அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆயிரம் வருஷத்து விதியை மனிதர்கள் கூடி மாற்றினார்கள். அதுதான் சுயமரியாதை.

இப்போது நம் பி.காம். பாடத்துக்கு வருவோம். மேனேஜ்மெண்ட் பேப்பரில் டெய்லர் வருவார், ஞாபகமிருக்கிறதா? அறிவியல் மேலாண்மையின் தந்தை. திட்டமிடுவது ஒருவர், செய்வது இன்னொருவர் என்று பிரித்தால் திறன் கூடும் என்றவர். நாமும் மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிறோம்.

கஸ்டோரியாடிஸ் இந்த இடத்தில்தான் கை வைக்கிறார். தொழிலாளி வெறும் கருவியாக இருக்க வேண்டும் என்கிறது நிர்வாகம். ஆனால் அவன் நிஜமாகவே கருவியாகி, சொன்னதை மட்டும் செய்தால் ஃபேக்டரி ஒரு நாள்கூட ஓடாது. மெஷின் சத்தம் மாறினால் கண்டுபிடிப்பது, புது ஆளுக்கு வேலை சொல்லித் தருவது, பேப்பரில் தப்பாக இருக்கும் முறையைச் சத்தமில்லாமல் சரிசெய்வது எல்லாம் அவன்தான். 'விதிப்படி வேலை' என்று ஒரு போராட்ட முறை இருக்கிறதே, அதுவே சாட்சி. எல்லா விதியையும் அப்படியே பின்பற்றினால் உற்பத்தி படுத்துவிடும்! அப்படியானால் அந்த விதியை எழுதியவனுக்கு வேலை தெரியுமா, செய்கிறவனுக்குத் தெரியுமா?

தொழிலாளி வாய் திறக்கச் சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. வேலை நேரம், லீவு, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய நிலையாணைகளை முதலாளி எழுத்தில் வைக்க வேண்டும், தொழிலாளர் தரப்பின் ஆட்சேபத்தைக் கேட்ட பிறகே சான்று தரப்படும் என்றது 1946-ம் வருஷச் சட்டம். 100 பேர் வேலை செய்யும் இடங்களுக்கு அது பொருந்தியது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அந்த 100, 300 ஆகிவிட்டது. சின்ன ஜன்னல், அதையும் பாதி சாத்திவிட்டார்கள்.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் நம் சட்டமன்றத்தில்தான் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்ற பிறகு மே 1 அன்று வாபஸ். சிங்காரவேலர் 1923-ல் சென்னையில் மே தினம் கொண்டாடி சரியாக நூறு வருஷம்! அந்த 12 மணி நேரம் நிற்கப் போகிறவனிடம் யோசனை கேட்டது மசோதா நிறைவேறிய பிறகு.

அடுத்த வருஷம் சுங்குவார்சத்திரம் சாம்சங். 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம். முக்கியக் கோரிக்கை, நாங்களே அமைத்த சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. சங்கத்துக்குப் பதிவு கிடைக்க உயர் நீதிமன்றப் படி ஏறி, 2025 ஜனவரி ஆகிவிட்டது. மாநிலத்துக்கு சுயாட்சி கேட்கும் அரசின் தொழிலாளர் துறை இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டது.

உடனே சொல்வீர்கள்: "ரொம்பப் பேசினால் கம்பெனி ஆந்திராவுக்குப் போய்விடும்." எங்கள் பக்கம் இது தினசரி வசனம். எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. ஆனால் இந்த மிரட்டலுக்குத் தலையாட்டிக்கொண்டே போனால் அந்தப் பக்கத்துக்காரனுக்கும் இதே மிரட்டல்தான், "குஜராத்துக்குப் போய்விடுவோம்" என்று. மார்க்கெட் விதி, மாற்ற முடியாது என்பதும் இன்னொரு தலைவிதி. மனுவைக் கேள்வி கேட்டவர்கள் இதற்கு மட்டும் ஏன் கும்பிடு போட வேண்டும்?

"சங்கத் தலைவர்கள் மட்டும் யோக்கியமா?" இல்லைதான். கஸ்டோரியாடிஸும் அதைத்தான் சொன்னார். தலைவர் பேசி முடித்து வந்து கையெழுத்துப் போடச் சொன்னால் அதுவும் சுயாட்சி இல்லை. 1956-ல் ஹங்கேரியில் தொழிலாளர்கள் தாங்களே கவுன்சில்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதை நசுக்கியது அமெரிக்கா அல்ல, சோவியத் டாங்கிகள்.

"படிக்காதவனுக்கு நிர்வாகம் என்ன தெரியும்?" இந்தியனுக்கு ஆளத் தெரியாது என்று வெள்ளைக்காரன் சொன்னதும் இதே குரலில்தான் நண்பர்களே.

நம் வகுப்பில் பாதிப் பேர் இரண்டு வருஷத்தில் இதே சிப்காட்டில் எச்.ஆர். அல்லது அக்கவுண்ட்ஸில் உட்காரப் போகிறோம். ஷிப்ட் அட்டவணை, அபராதம், காண்ட்ராக்ட் ஆளின் சம்பளப் பட்டியல் எல்லாம் நம் கையால் டைப் ஆகும். பீகாரிலிருந்து வந்த பையனுக்குத் தெரியாத மொழியில் நோட்டீஸ் ஒட்டப் போவதும் நாம்தான். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்போம்: இந்த விதிக்குக் கீழே வேலை செய்யப் போகிறவன் இதைப் போடும்போது அறையில் இருந்தானா?

இல்லை என்றால், சுயாட்சி பற்றி மேடையில் பேச நமக்கு வாய் இருக்கக்கூடாது.