பாலத்தில் யாருக்கு இடம்?

1883-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள். நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலம் திறக்கப்பட்டு ஆறே நாள்கள் ஆகியிருந்தன. போரில் உயிர்நீத்தோரின் நினைவு நாள் விடுமுறை என்பதால், புதிய பாலத்தைக் காணப் பல்லாயிரம் பேர் அதன் நடைபாதையில் திரண்டிருந்தனர். மன்ஹாட்டன் பக்கம் இருந்த குறுகிய படிக்கட்டில் ஒரு பெண் கால் இடறி விழுந்தார். யாரோ அலறினார்கள். பாலம் இடிந்து விழப்போகிறது என்ற பீதி நொடிப்பொழுதில் பரவியது. முன்னால் இருந்தவர்களால் நகர முடியவில்லை. பின்னால் இருந்தவர்களால் நிற்க முடியவில்லை. அந்த நெரிசலில் 12 பேர் இறந்தனர்.

பாலமோ அசையவில்லை. இன்றும் உறுதியாக நிற்கிறது. அன்று உயிர்களைப் பறித்தது, நடந்து வந்தவர்களுக்கு விடப்பட்ட வழியின் குறுகலும் அதில் எழுந்த அச்சமும்தான். 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகின் பெருநகரங்களில் அதே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. பாலம் யாருக்கானது? அதில் நடப்பவருக்கும் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் எவ்வளவு இடம்?

இதில் வருத்தமான வேடிக்கை ஒன்று உண்டு. புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்லிங், நடப்பவர்களை மறந்தவர் அல்ல. வாகனங்கள் செல்லும் தடங்களுக்கு மேலே, பாலத்தின் நடுவில், உயர்ந்த நடைமேடை ஒன்றை அவர் அமைத்தார். நெரிசல் மிகுந்த நகரில், காற்றும் வெளிச்சமும் பெற்று மக்கள் நடப்பதற்கான வழி விலைமதிப்பற்றது என்று அவர் கருதினார். அதாவது, அந்தப் பாலத்தின் மிக உயர்ந்த இடம் நடப்பவருக்கே தரப்பட்டது. காலம் மாறியது. பாலத்தில் ஓடிய உயர்மட்ட இரயில்கள் 1944-இலும் டிராம் வண்டிகள் 1950-இலும் நின்றன. அவை விட்டுச்சென்ற இடமும் மோட்டார் வாகனங்களுக்கே போனது. கீழே ஆறு தடங்களில் கார்கள் ஓடின. மேலே, சில இடங்களில் 10 அடி அகலமே உள்ள நடைமேடையை, நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் ஒரு வண்ணக்கோட்டை மட்டும் நடுவே வைத்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தக் கோடு யாரையும் காக்கவில்லை. புகைப்படம் எடுக்க ஓர் அடி பின்வாங்கிய சுற்றுலாப் பயணி மிதிவண்டியின் பாதையில் நின்றார். வேலைக்கு விரைந்தவர் மணியடித்தும் கத்தியும் வழி கேட்டார். நடப்பவர் மிதிவண்டிக்காரரைத் திட்டினார். மிதிவண்டிக்காரர் நடப்பவரைத் திட்டினார். பல ஆண்டுகள் இந்தச் சண்டை நீடித்தது. ஆனால் கீழே ஆறு தடங்கள் இருந்ததை அந்தச் சண்டையில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நம் வீடுகளிலும் ஊர்களிலும் இது நடப்பதுதானே? பந்தியில் பெரும்பங்கு ஓர் இலைக்குப் போய்விட, மீதியிருக்கும் பிடிச் சோற்றுக்காக இரண்டு பசித்தவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள்.

2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரம் ஒரு முடிவை நடைமுறைப்படுத்தியது. மன்ஹாட்டன் நோக்கிச் செல்லும் தடங்களில் ஒன்றைக் கார்களிடமிருந்து எடுத்து, தடுப்புச் சுவர் வைத்து, மிதிவண்டிகளுக்கு மட்டும் உரிய இருவழிப் பாதையாக மாற்றியது. மேலே உள்ள நடைமேடை முழுவதும் நடப்பவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. புதிய பாலம் கட்டவில்லை. இருந்த இடத்தைப் பங்கிட்டார்கள், அவ்வளவுதான். புதிய பாதையும் குறுகலானதே என்ற குறை இருக்கிறது. ஆயினும் முன்பு அஞ்சி ஒதுங்கியிருந்த பலர் மிதிவண்டியில் பாலத்தைக் கடக்கத் தொடங்கினார்கள்.

அதே நகரின் குயின்ஸ்பரோ பாலம் நமக்கு இன்னொரு பாடத்தைத் தருகிறது. 1909-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் வடக்கு ஓரத்தில் ஒற்றை வழியை நடப்பவர்களும் மிதிவண்டிகளும் மின்மிதிவண்டிகளும் நெடுங்காலம் பகிர்ந்துகொண்டனர். உணவகங்களிலிருந்து வீடுகளுக்கு உணவு கொண்டு செல்லும் தொழிலாளர்கள் பலருக்கு அதுவே அன்றாட வழி. அவர்களில் பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். மழையிலும் பனியிலும் நேரத்தோடு போட்டியிட்டு ஓடுகிறவர்கள். அதே வழியில் முதியவர்களும், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் தாய்மார்களும் நடந்தார்கள். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் தெற்கு ஓரத்துத் தடம் கார்களிடமிருந்து விடுவிக்கப்பட்டு நடப்பவர்களுக்குத் தரப்பட்டது. வடக்குப் பக்கம் மிதிவண்டிகளுக்கு, தெற்குப் பக்கம் கால்களுக்கு. அதற்கு முன்னர் பல ஆண்டுகள் மக்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

பாலங்களைப் பற்றி ஏன் தனியாகப் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் எளியது. தெருவில் ஆபத்து என்றால் அடுத்த சந்து வழியாகப் போகலாம். பாலத்தில் அடுத்த சந்து இல்லை. ஆற்றையோ இரயில் பாதையையோ கடக்க அது ஒன்றே வழி. அதில் இடம் மறுக்கப்பட்டவருக்கு நகரின் மறுகரையே மறுக்கப்படுகிறது. அக்கரையில் இருக்கும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வேலையும் எட்டாக்கனியாகின்றன. பாலத்தின் மேல் ஒதுங்கி நிற்க மரநிழல் கிடையாது, இறங்கி ஓட ஓரம் கிடையாது. பக்கவாட்டில் வீசும் காற்று மிதிவண்டியைத் தள்ளும். ஏற்றம் வேகத்தைக் குறைக்கும். தடையில்லாத நேர்ச்சாலை என்பதால் வாகனங்களோ அங்கேதான் வேகமெடுக்கின்றன. பாலம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும், வளைந்து இறங்கும் வாகனங்களுக்குக் குறுக்கே நடப்பவர் கடக்க வேண்டியிருக்கிறது. படிக்கட்டு மட்டுமே உள்ள பாலத்தில் சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழியே இல்லை.

வேகம் என்ன செய்யும் என்பதை உலக நலவாழ்வு நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதுவதைவிட, 65 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால், நடப்பவர் இறக்கும் ஆபத்து நான்கரை மடங்காகிறது. அந்த நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் இறக்கின்றனர். அவர்களில் நூற்றுக்கு 23 பேர் நடந்து சென்றவர்கள், 6 பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். நம் நாட்டில் மட்டும், மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நடந்து சென்றவர்கள் 32,825 பேரும், மிதிவண்டியில் சென்றவர்கள் 4,836 பேரும் சாலைகளில் மாண்டனர். நடந்து சென்றதற்காக மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 பேர். இவர்கள் யாரையும் மோதிக் கொல்லக்கூடியவர்கள் அல்லர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு தடத்தை எடுத்துவிட்டால் நெரிசல் கூடாதா? அவசர ஊர்தி எப்படிப் போகும்? பேருந்தில் செல்லும் ஏழைக்கும் தாமதம் ஆகாதா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் எந்த மாற்றமும் நிலைக்காது. கனடா நாட்டின் வான்கூவர் நகரம் இதற்குப் பதில் தேடிய விதம் கவனிக்கத்தக்கது. அங்குள்ள பர்ரார்ட் பாலத்தில் 1996-இல் ஒரு தடத்தை மிதிவண்டிகளுக்கு ஒதுக்கிச் சோதித்தார்கள். எதிர்ப்பு வலுக்கவே ஒரே வாரத்தில் கைவிட்டார்கள். 2009-இல் மீண்டும் சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள். நகரமே முடங்கும் என்று பலர் எச்சரித்தார்கள். நகரம் முடங்கவில்லை. வாகன ஓட்டிகள் பழகிக்கொண்டார்கள், மிதிவண்டிகள் பெருகின, பாதை நிலைத்தது. முதலில் செய்து பார், அளந்து பார், பிறகு முடிவெடு என்ற பணிவான வழி அது.

இதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. ஏறக்குறைய 10 அடி அகலமுள்ள ஒரு தடத்தில், கார்கள் ஓடினால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை செல்ல முடியும். அதே அகலத்தில் மிதிவண்டிப் பாதை அமைந்தால் 7,500 பேரும், நடைபாதை அமைந்தால் 9,000 பேரும் செல்ல முடியும் என்று வட அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் கூட்டமைப்பு மதிப்பிடுகிறது. ஆக, வாகனங்களை எண்ணினால் ஒரு விடை வருகிறது. மனிதர்களை எண்ணினால் வேறு விடை வருகிறது. நாம் இத்தனை காலம் எண்ணியது எதை?

இந்தக் கேள்வியோடு நம் ஊருக்குத் திரும்புவோம். 2000-களின் தொடக்கத்திலிருந்து தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டிகளை வழங்கி வருகிறது. எத்தனையோ ஏழை மாணவியர் படிப்பைத் தொடர அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் அதே ஆண்டுகளில் நம் நகரங்களில் எழுந்த மேம்பாலங்கள் பலவற்றில் அந்த மிதிவண்டிக்கென்று ஓர் அடி இடமும் இல்லை. நடைபாதைகூட இல்லாத மேம்பாலங்கள் சென்னையில் பல உண்டு. ஒரு கையால் மிதிவண்டியைக் கொடுத்துவிட்டு, மறு கையால் அது செல்லும் வழியை அடைப்பது எவ்வகை நியாயம்? 2014-இல் சென்னை மாநகராட்சி நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் முதலிடம் தரும் கொள்கையை வகுத்தது. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை மருத்துவர் இராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்துவது, வாழ்வுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு மே மாதம் கூறியது. கொள்கை இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. பாலத்தில் இடம்தான் இன்னும் வரவில்லை.

திரு அவையும் இதில் மௌனமாக இருந்ததில்லை. குடிபெயர்ந்தோர் மற்றும் பயணிப்போருக்கான திருப்பீட அவை 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாலைப் பயணம் குறித்து வெளியிட்ட வழிகாட்டு ஏட்டில், வாகனம் ஓட்டுவோருக்கென்று பத்துக் கட்டளைகளைத் தந்தது. சாலையில் வலுவற்றவரைக் காக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. வலுவற்றவர் கவனமாக இருந்துகொள்ளட்டும் என்று அந்த ஏடு சொல்லவில்லை. காக்கும் கடமையை வலிமை உள்ளவர்மீது வைத்தது. பாலத்தைத் திட்டமிடுவோருக்கும் இது பொருந்தும் அல்லவா?

செய்ய வேண்டியவை மலைப்பானவை அல்ல. புதிய பாலத்திற்கான வரைபடத்திலேயே நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் இடம்பெற வேண்டும். கட்டி முடித்தபின் ஒட்டவைக்கும் பொருளாக அவை இருக்கக்கூடாது. வண்ணக்கோட்டுக்குப் பதில் உறுதியான தடுப்பு வேண்டும். படிக்கட்டோடு சாய்தளமும், இரவில் போதிய வெளிச்சமும் வேண்டும். பாலத்தின் இரு முனைகளிலும் வாகனங்கள் வேகம் குறைக்கும் வகையில் சாலை அமைய வேண்டும். மிதிவண்டிப் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் நுழையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாலத்தை நாள்தோறும் நடந்து கடக்கும் மக்களிடம் முதலில் கேட்க வேண்டும்.

நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோம். நம்மில் பலர் நடந்தும் மிதிவண்டியிலும் பள்ளிக்குச் சென்றவர்களே. இன்று இரு சக்கர வாகனத்திலோ காரிலோ மேம்பாலத்தில் ஏறும்போது, முன்னால் ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்துச் செல்லும் பெரியவரைப் பார்த்து ஒலிப்பானை அழுத்துவதும் நாம்தான். அவர் ஓரமாகப் போகட்டும் என்கிறோம். போவதற்கு ஓரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அன்று புரூக்ளின் பாலத்தின் படிக்கட்டில் இறந்த 12 பேரும் ஒரு நல்ல நாளில் பாலத்தைக் கடந்து வீடு திரும்ப விரும்பியவர்கள். நம் நகரங்களின் பாலங்களில் மாலை மங்கும் நேரத்தில் நடப்பவர்களின் விருப்பமும் அதுவே. அடுத்த முறை பாலத்தில் அப்படி ஒருவர் நமக்கு முன்னால் சென்றால், வேகத்தைக் குறைப்போம், அவருக்கு வழி விடுவோம். நம் பகுதி மன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது, அவருக்கென்று பாலத்தில் நிலையான இடமும் கேட்போம்.