கணக்குக் கேட்போம், பழி சொல்லோம்

உத்தரமேரூருக்குச் செல்கிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலை முறைக்கு வகுத்த விதிகள் அங்கே கல்லில் பொறித்திருக்கின்றன. சபைப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மறுபடியும் தேர்தலுக்கு அருகரல்லர் என்பது அவற்றில் ஒன்று. கணக்குக்கு அத்தனை மதிப்புக் கொடுத்த ஊர் அது.

அவ்வூருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில், கலியாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தையில்லாத ஒரு பெண்ணை, எந்தக் கணக்கும் பாராமலே குற்றவாளி ஆக்கியிருந்தார்கள். விரதம், பிரதட்சிணம், பரிகாரம் எல்லாம் நடந்தன. ரத்தப் பரிசோதனை மட்டும் நடக்கவில்லை. கடைசியில் அதுவும் நடந்தபோது, தைராய்டு மந்தம் என்று தெரிய வந்தது.

இது அபூர்வ வியாதியன்று. சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு இது இருக்கக் கண்டார்கள். கழுத்திலுள்ள இச்சுரப்பி சோம்பினால் மாதவிலக்கு முறை தவறலாம். கரு முட்டை வெளிப்படுவது தடைப்படலாம். கர்ப்பம் தரித்தாலும் கலையும் அபாயம் அதிகம்.

பரிசோதனைச் சீட்டில் 'டி.எஸ்.எச்.' என்று ஓர் எண் இருக்கும். அது அதிகமானால் தைராய்டு அதிகம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு இடும் அதட்டல் அது. வேலைக்காரன் தூங்கத் தூங்க எஜமானின் குரல் உயர்வது இயல்புதானே? மாத்திரை உட்கொண்டு குழந்தையை எதிர்பார்க்கும் ஸ்திரீகளுக்கு இவ்வெண் 2.5-க்குள் இருப்பது நலம் என்பது வைத்தியர்களின் அபிப்பிராயம்.

தைராக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பி கூடாது. தமிழ்நாட்டில் இதைவிடக் கடுமையான விரதம் வேறு உண்டோ? இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

நாம் சொன்ன பெண்ணுக்கு ஆறு மாதத்தில் மாதவிலக்குத் தள்ளிப் போயிற்று. உடனே மாமியார், "வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்திவிடடி அம்மா!" என்றாராம். அன்பினால் சொன்ன யோசனைதான். ஆனால் பேராபத்தான யோசனை. முதல் மூன்று மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பே ஆதாரம். ஆகையால் வைத்தியர்கள் அப்போது மாத்திரையை நிறுத்துவதில்லை. வழக்கமாக நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை கூட்டுகிறார்கள். பாதிக் கர்ப்பம் வரையில் நாலு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்கிறார்கள். அந்தப் பெண் நல்லவேளையாக வைத்தியரைக் கேட்ட பிறகே முடிவு செய்தாள்.

இன்னொன்று. குழந்தையின்மைக்குப் புருஷர்களும் காரணமாயிருக்கலாம். கணக்குக் கேட்பதானால் இருவரிடமும் கேட்பதே உத்தரமேரூர் நியாயம்.