எட்டு மணி நேரமும் கைப்பேசியும்

எட்டு மணி நேர வேலை என்றால் என்னவென்று புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் காவல்படை சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆண்டுதோறும் அந்த நாளில் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறோம்.

அப்படி வாங்கிய எட்டு மணி நேரம் இப்போது சத்தமில்லாமல் கரைந்து வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. என் மகனும் சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலையை இங்கிருந்தே செய்கிறான். பிள்ளை கண்ணெதிரே இருப்பது எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், தட்டில் பாதி தோசையை வைத்துவிட்டு எழுந்து போகிறான். கேட்டால், "பதில் போடலன்னா அப்ரைசல்ல அடிபடும்பா" என்கிறான்.

நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் மாலையில் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினால், மறுநாள் காலைவரை அது அங்கேயே இருக்கும். இன்றைக்குக் கோப்பு சட்டைப்பையிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பிரான்சில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. 'துருவா அ லா தெகொனெக்சியோன்' என்பார்கள். வேலை முடிந்ததும் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை. 2017 ஜனவரி 1 முதல், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கம்பெனிகள் இதைப் பற்றித் தொழிற்சங்கத்தோடு பேசியாக வேண்டும். 2021-இல் போர்ச்சுகலும் 2024-இல் ஆஸ்திரேலியாவும் தத்தம் வழியில் சட்டம் செய்தன. நம் மக்களவையில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. இங்கேயோ, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் நாராயணமூர்த்தி சொன்னார்.

"அமெரிக்காக்காரன் விழித்திருக்கும் நேரத்தில்தானே நமக்கு வேலை?" என்று கேட்பார்கள். நியாயம்தான். அப்படியானால் ஷிப்ட் போடட்டும். நம் ஊர் மில்களிலும் மூன்று ஷிப்ட் ஓடியது. ஒரே ஆளையா மூன்று ஷிப்டிலும் நிறுத்தினார்கள்? இரவில் வேலை வாங்கினால் பகலில் விடவேண்டும். கூடுதல் நேரம் வாங்கினால் கணக்கெழுதிக் கூலி தரவேண்டும். வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் வேலை வேலைதான்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "கை நிறையச் சம்பளம் வாங்குகிறாயே, பொறுத்துக்கொள்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அந்தச் சம்பளம் எட்டு மணி நேரத்துக்குத்தான். மிச்ச நேரம் அவர்களுடையது, அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளுடையது. அதைக் கேட்கும் தைரியத்தை அவர்களுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.