மழுங்கிய கத்தியும் மூன்று தையல்களும்

கூரான கத்தி ஆபத்தானது என்பது நம் வீடுகளில் பலரது எண்ணம். உண்மை நேர்மாறானது. மழுங்கிய கத்தி காயின் தோலில் இறங்காது, பலங்கொண்டு அழுத்துகிறோம், அது வழுக்கி விரலில் இறங்குகிறது. என் மனைவியின் இடது சுட்டுவிரலில் மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது. பூசணிக்காய் வெட்டப்போய் வந்த வினை. பேனாவின் கூர்மை பற்றிக் காரியாலயத்தில் ஓயாது பேசிய நான், வீட்டுக் கத்தியைப் பத்து ஆண்டுகளாகத் தீட்டியதில்லை.

பெட்டியில் அடுக்கி விற்கும் எட்டுக் கத்திகள் வேண்டியதில்லை. (எங்களுக்கும் அன்பளிப்பாக ஒரு பெட்டி வந்தது; ஏழு கத்திகள் இன்றும் புதிதாகவே உள்ளன.) அன்றாடக் கறிக்கு 6 முதல் 8 அங்குல அலகுள்ள ஒன்று போதும். பலகையில் வெட்டும்போது விரற்கணுக்கள் தட்டாத அளவுக்கு அலகு அகலமாக இருக்கவேண்டும். ஆகவே கையில் பிடித்துப் பாராமல் வாங்காதீர்கள். தேங்காய் உடைக்கவும் எலும்பு வெட்டவும் கொடுவாக்கத்தி இருக்கட்டும்.

கம்மாலையில் அடித்த காபன் உருக்குக் கத்தி எளிதில் கூரேறும். ஆனால் தேசிக்காய்ப் புளி பட்டதும் கழுவித் துடைக்காவிட்டால் கறுத்துத் துருவேறிவிடும். கொழும்பின் ஈரக்காற்றில், வேலைக்கு ஓடுவோருக்குக் குரோமியம் கலந்த கறையில் உருக்கே உகந்தது என்பேன். அதற்கும் சாணை வேண்டும். கண்ணாடிப் பலகையோ எந்தக் கூரையும் கெடுத்துவிடும், மரப்பலகையே நல்லது.

கத்திக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சாணைக்கல்லுக்குக் கொடுங்கள். ஏறக்குறைய 20 பாகைச் சரிவில், இருபுறமும் சமமாகத் தீட்டவேண்டும். ஞாயிறு காலைகளில் இப்போது அது என் வேலை. பூசணிக்காயை மட்டும் மனைவி இன்னும் என் பக்கமே தள்ளிவிடுகிறார்.