கூலிக்கு ஒரு சங்கம், காய்க்கு ஒரு சங்கம்



போன மே 1ஆம் தேதி, விடிகாலை அஞ்சரை மணி. எங்க தெருமுனையில வழக்கம்போல ஜீப் வந்து நின்னுச்சு. தூக்குவாளியும் தலைத்துண்டுமா பொம்பளைங்க ஏறிக்கிட்டு இருந்தாங்க. எங்க மதினியும் அதுல ஒரு ஆளு. பால் வாங்கப் போன நான் சும்மா இருக்காம, "மதினி, இன்னைக்கு மே தினமாச்சே, உழைப்பாளர் தினம். லீவு கிடையாதா?"ன்னு கேட்டேன். "லீவு போட்டா நீங்க கூலி தருவீகளா?"ன்னு கேட்டுட்டு ஏறி உக்காந்துட்டாக. ஜீப் போடிமெட்டு ரோட்டுல ஏறிப் போயிருச்சு. 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி, கேரளா பக்கம் பூப்பாறையில கவாத்து வேலை.

அன்னைக்குச் சாயங்காலம் டீக்கடையில நாலு பேரோட உக்காந்து, "கூலி குடுத்துக் கட்டுப்படியாகல, இனிமே ஏலக்காய் விவசாயம் பாக்க முடியாது"ன்னு நான் பேசிக்கிட்டு இருந்தேன். ஜீப்பை விட்டு இறங்கி வந்த மதினி காதுல அது விழுந்திருச்சு. வீட்டு வாசல்ல வச்சுக் கேட்டாக: "ஏன் கொழுந்தனாரே, காய் கிலோ ஏழாயிரத்துக்கு வித்துச்சே ஒரு வருசம், அந்த வருசம் எங்களுக்கு எத்தனை ரூபா கூட்டுனீக?"

எனக்குப் பதில் வரல. அந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

என்னைப் பத்தித் தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். மெட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம். இங்க அடிவாரத்துல கொஞ்சம் மாவும் இலவமும். காய் எடுக்கிற நாள்ல ஆறேழு ஆள் விடுவேன். மத்த நாள்ல நானும் வீட்டுக்காரியும்தான். அதனால நான் முதலாளியா தொழிலாளியான்னு கேட்டா, ஆள் விடுற அன்னைக்கு முதலாளி, மருந்துக் கடையில கடன் சொல்ற அன்னைக்கு தொழிலாளி.

2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏல மையத்துல ஏலக்காய் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. உண்மைதான். ஆனா அந்த வருசம் செடியில காய் இல்ல, அதனாலதான் அந்த விலையே. எங்கிட்ட இருந்த கொஞ்சத்தையும் கடனுக்காக முன்னாடியே வித்துட்டேன். இதெல்லாம் மதினிகிட்ட சொல்லலாம். ஆனா முழு உண்மை என்னன்னா, விலை ஏறினப்ப ஒரு ரூபா கூட நான் கூட்டல. தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான். 2021 கடைசியில விலை ஆயிரத்துக்கும் கீழ விழுந்தப்ப, "கூலியைக் குறைச்சுப் பேசணும்"னு டீக்கடையில முதல்ல ஆரம்பிச்சவன் நான்தான். விலை ஏறினா அது என் அதிர்ஷ்டம், இறங்கினா அது அவங்க கஷ்டம். இதுதான் நான் நடத்தின நியாயம்.

இன்னொன்னும் யோசிச்சுப் பார்த்தேன். கூலியை யார் முடிவு பண்றது? நாங்கதான். சீசன் ஆரம்பிக்கும்போது தோட்டக்காரங்க நாலு பேர் டீக்கடை பெஞ்சுல உக்காந்து, "இந்த வருசம் இவ்வளவுதான், யாரும் கூடக் குடுத்துக் கெடுத்துறாதீங்கப்பா"ன்னு பேசுறோம். கொடி இல்ல, ரசீது புக் இல்ல, பதிவு நம்பர் இல்ல. ஆனா அது சங்கம் இல்லாம வேற என்ன? ஆடம் ஸ்மித்துன்னு ஸ்காட்லாந்துல ஒருத்தர், முதலாளித்துவப் பொருளாதாரத்துக்கே தகப்பன்னு சொல்லுவாங்க. அவரே 1776ல எழுதின புத்தகத்துல இதைச் சொல்லியிருக்கார். கூலி ஏறாம இருக்க முதலாளிகள் எப்பவும், எங்கயும் சத்தமில்லாம ஒண்ணு சேர்ந்துதான் இருக்காங்க, தொழிலாளி சேர்ந்தா மட்டும்தான் ஊரெல்லாம் சத்தம் கேக்குதுன்னு. கம்யூனிஸ்ட்காரங்க சொன்னா கோவம் வரும். இவர் சொன்னதுக்கு நாம என்ன சொல்றது?

நம்ம தமிழ்நாட்டுல இந்தச் சத்தம் முதல்ல பெருசா கேட்டது தூத்துக்குடியில. 1908 பிப்ரவரி கடைசியில கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. முன்னாடி நின்னது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். கூலி உயர்வு, ஞாயித்துக்கிழமை லீவு, இதான் கேட்டது. பத்து நாள் போல தாக்குப் பிடிச்சாங்க, கம்பெனி இறங்கி வந்துச்சு. கப்பல் ஓட்டினதை நாம பள்ளிக்கூடத்துல படிச்சோம், இதை யாரும் நமக்கு அழுத்திச் சொல்லித் தரல. அப்புறம் 1918 ஏப்ரல் 27ல சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்னு நடத்தினது. பின்னி மில்காரங்க, சங்கம் வச்சு வேலையைக் கெடுத்தாங்கன்னு வாடியா மேலயே ஐகோர்ட்டுல வழக்குப் போட்டாங்க. ஆள் சேர்த்துக் கூலி கேட்டாலே குத்தம்னு இருந்த காலம். 1926ல தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகுதான் அதுக்கு ஒரு பாதுகாப்பு. ஏழு பேர் சேர்ந்தா சங்கத்தைப் பதிவு பண்ணலாம்னு அந்தச் சட்டம் சொல்லுச்சு.

மே தினத்தை இந்தியாவுல முதல்ல கொண்டாடினதும் சென்னையிலதான். 1923 மே 1, சிங்காரவேலர் நடத்தினார். அன்னைக்கே அவர் ஒரு கட்சியும் ஆரம்பிச்சார். பேரு லேபர் கிசான் கட்சி. அதாவது தொழிலாளியும் விவசாயியும் சேர்ந்த கட்சி. நூறு வருசத்துக்கு முன்னாடி அந்த மனுசன் ரெண்டு பேரையும் ஒரே பேர்ல வச்சிருக்கார். நாம இன்னைக்கு ஒரே தெருவுல இருந்துக்கிட்டு எதிரும் புதிருமா நிக்கிறோம்.

தூரமா எதுக்குப் போகணும், நம்ம மலைக்கே வருவோம். 1958ல தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சிக்கு ரோசம்மா புன்னூஸ் நின்னாங்க. தோட்டத்துல பாதிக்கு மேல தமிழ் சனம். அவங்களுக்குப் புரியற பாட்டு வேணும்னு இங்க இருந்து மலையேறிப் போனவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன், இளையராஜாவோட அண்ணன். ரோசம்மா ஜெயிச்சாங்க. அந்த ஜெயிப்புல பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்குன்னு அந்தக் கட்சிக்காரங்களே சொன்னாங்க.

ஆனா கதை அதோட முடியல. அதே 1958 அக்டோபர்ல மூணாறு தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் பண்ணினப்ப போலீஸ் சுட்டுச்சு, ரெண்டு பேர் செத்தாங்க. ஆட்சியில இருந்தது அதே கம்யூனிஸ்ட் கட்சி, முதலமைச்சர் ஈ.எம்.எஸ். வேலைநிறுத்தத்தை நடத்தினதும் அந்தக் கட்சியோட சங்கம்தான். இதை நான் யாரையும் குத்திக் காட்டச் சொல்லல. கட்சி நம்மளுது, ஆட்சி நம்மளுதுன்னு சங்கத்தைக் கொண்டு போய் அதுகிட்ட ஒப்படைச்சுட்டு வீட்டுல தூங்கக் கூடாது, அதுக்காகச் சொல்றேன்.

அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தது 2015 செப்டம்பர்ல மூணாறு பொம்பளைங்க. பெம்பிளை ஒருமை. தேயிலை கிள்ளுற பொண்ணுங்க, பெரும்பாலும் நம்ம தமிழ் சனம். அன்னைக்கு அவங்க தினக்கூலி 232 ரூபா. போனஸை 10 சதவீதமாக் குறைச்சதும் ரோட்டுல வந்து உக்காந்துட்டாங்க. கொச்சி தனுஷ்கோடி ரோடு, நம்ம போடி வழியா போற அதே ரோடுதான். சங்கத் தலைவருங்க பேச வந்தா, "நீங்க வேணாம், நாங்களே பேசிக்கிறோம்"னு விரட்டி விட்டாங்க. ஒன்பது நாள்ல போனஸும் கருணைத் தொகையுமா சேர்த்து 20 சதவீதம் வாங்கினாங்க. அடுத்த மாசம் கூலி 301 ஆச்சு. அவங்க கேட்டது 500, அது கிடைக்கல.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தக் கம்பெனி 2005ல டாடா டீ விலகினப்போ தொழிலாளிகளுக்குப் பங்கு குடுத்து ஆரம்பிச்ச கம்பெனி. பத்திரத்துல பார்த்தா கொழுந்து கிள்ளுற பொம்பளையும் ஒரு முதலாளி. ஆனா கூலி என்ன, போனஸ் என்னன்னு முடிவு பண்ற இடத்துல அவ இல்ல. பங்கு கையில இருந்தாலும் பேச்சுல பங்கு இல்லைன்னா பிரயோசனம் இல்லைன்னு நான் புரிஞ்சுக்கிட்டது அங்கதான்.

இப்ப நம்ம ஜீப்புக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்துல ஒரே கம்பெனி, ஒரே லயம், ஒரே கேட். கூடி நிக்க ஒரு இடம் இருக்கு. ஏலத்தோட்டத்துல அது கிடையாது. மதினிக்கு இன்னைக்கு ஒரு முதலாளி, அடுத்த வாரம் வேற முதலாளி. கூலி கேக்கணும்னா யாருகிட்ட கேப்பாக? 1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்துல வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம்னு நல்லதெல்லாம் எழுதியிருந்துச்சு. ஆனா அது அஞ்சு ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேராவது வேலை பாக்குற தோட்டத்துக்குத்தான். என்னை மாதிரி ஒன்றரை ஏக்கர்காரன் அந்தக் கணக்குல வரவே மாட்டான். அதனால என் தோட்டத்துல பாம்பு கடிச்சாலும், ஜீப் உருண்டாலும், மனசு இருந்தா பார்ப்போம், இல்லாட்டி இல்ல. எத்தனையோ வருசமா இப்படித்தான் ஓடுது.

மார்க்ஸ் சொன்ன உபரி மதிப்புன்னு ஒண்ணை எங்க ஊர் பழைய தோழர் ஒருத்தர் எனக்கு ஏலக்காயை வச்சே விளக்கினார். ஒருத்தி ஒரு நாள் எடுக்கிற காயோட மதிப்புக்கும் அவ வாங்குற கூலிக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் இருக்குல்ல, அதான். "உன் தோட்டத்துல அந்த வித்தியாசம் எங்க போகுதுன்னு எழுதிப் பாரு"ன்னார். எழுதிப் பார்த்தேன். மருந்து, உரம், காய் உலர்த்துற ஸ்டோர் கூலி, வட்டி. அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தா ஒரு கிலோதான் தேறும். அதுக்கு விலை சொல்றதும் ஏல மையத்துல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற வியாபாரிதான், நான் இல்ல. உரக்கடைக்காரன்கிட்ட விலையைக் குறைன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. வட்டிக்காரன்கிட்டயும் இல்ல. எட்டுற தூரத்துல இருக்கிறது மதினி கூலி மட்டும்தான். அதுல கை வைக்கிறேன். கூலியால நான் நொடிச்சுப் போகல. மேல இருக்கிறவங்ககிட்ட பேசத் தைரியம் இல்லாத குறையைக் கீழ இருக்கிறவங்ககிட்ட தீர்த்துக்கிட்டேன்.

"சங்கம் வந்தா தொழில் அழிஞ்சிரும்"னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. சந்தா வாங்கிட்டுக் காணாமப் போன தலைவரையும், ரெண்டு பக்கமும் கை நீட்டினவரையும் நானும் பார்த்திருக்கேன். ஆனா கெட்டுப் போன பாலைப் பார்த்துட்டு மாட்டையே வேணாம்னு யாரும் சொல்றதில்ல. மூணாறு பொம்பளைங்க பழைய சங்கத்தைத்தான் விரட்டினாங்க. கூடி நிக்கிறதை விடல.

அதனால என் கருத்து இது. ஜீப்புல போற சனத்துக்கு ஊர் ஊரா ஒரு சங்கம் வேணும். போடி, தேவாரம், கம்பம் எல்லாத்துக்கும். அது எனக்கு எதிராவும் பேசும், பேசட்டும். சீசனுக்கு முன்னாடி அவங்களையும் உக்கார வச்சுக் கூலி பேசணும். விலை ஒரு அளவுக்கு மேல போனா கூலியோட இவ்வளவு சேரும்னு அப்பவே முடிவு பண்ணிடணும். விலை விழுந்தா இதுக்குக் கீழ கூலி இறங்காதுன்னும் சேர்த்து எழுதணும். ஜீப்புல எத்தனை பேர் ஏத்தலாம்னு பேசணும். அதே மாதிரி சின்ன விவசாயி நாமளும் சேர்ந்து ஒரு ஸ்டோர் போட்டு, காயைச் சேர்த்து வித்து, உரத்தை மொத்தமா வாங்கணும். மேல இருந்து கொஞ்சம் மிச்சம் பிடிச்சாத்தான் கீழ குடுக்க முடியும்.

மத்தவங்க வர்ற வரைக்கும் காத்திருந்தா வேலைக்கு ஆகாது. "இந்த ஆவணியில முதல் சுத்து காய் எடுக்கிறப்பவே கூலி கூட்டித் தர்றேன், விலை ஏறினா பங்கும் தர்றேன்"னு மதினிகிட்ட சொன்னேன். டீக்கடை பெஞ்சுல இதுக்கு என்ன ஏச்சு விழும்னும் எனக்குத் தெரியும். மதினி உடனே நம்பல. "வாயால சொல்றதெல்லாம் சரி. எழுதித் தருவீகளா கொழுந்தனாரே?"ன்னு கேட்டாக.

எழுதிட்டேன் மதினி. நாலு ஊர் சனம் படிக்கிற இடத்துலயே எழுதிட்டேன்.