வாசல் எந்தப் பக்கம்? ஊரைக் கேளுங்கள்

கிராம சபையில் மக்கள் கேட்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: சாலை, தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை. ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார், பற்றாளர் கையெழுத்திடுவார், கூட்டம் கலையும். சாலை எந்த உயரத்தில் வரவேண்டும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியவேண்டும் என்று யாரும் ஊரைக் கேட்பதில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே காங்கிரீட்டைக் கொட்டிவிட்டு ஒப்பந்ததாரர் போய்விடுகிறார். ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று இறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. ஐப்பசி வந்தால் வாசலில் மணல் மூட்டை.

சட்டத்தில் குறையில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது. 14ஆவது நிதிக்குழுவுக்குப் பிறகு, 2015 முதல், ஒவ்வொரு ஊராட்சியும் தன் வளர்ச்சித் திட்டத்தைத் தானே தயாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். ஆனால் நடப்பதெல்லாம் வேலைகளின் பட்டியல் போடுவதுதான். எது வேண்டும் என்று சொல்ல ஊருக்கு உரிமை உண்டு. அது எப்படி இருக்க வேண்டும் என்பதோ அலுவலகத்தின் மதிப்பீட்டுத் தாளில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

ஊரைக் கேட்காமல் கட்டுவதற்கு நாம் கொடுத்த விலை தெரிய வேண்டுமானால் நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போக வேண்டும். 2004 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2005 மார்ச்சில் வந்த அரசாணை 172, சுமார் 325 சதுர அடியில் ரூ.1.5 லட்சம் செலவில் வீடு என்று அளவு வைத்தது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. நல்ல மனதோடுதான் வந்தன. ஆனால், நிலத்தைச் சமன் செய்து தந்தால்தான் வேலை தொடங்கும் என்றார்கள் ஒப்பந்ததாரர்கள். அலைக்குத் தப்பிய தென்னையும் பூவரசும் வேம்பும் பல ஊர்களில் அப்போது வெட்டப்பட்டன. ராணுவக் குடியிருப்பு போல வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. வலை பின்ன ஒரு நிழல், கருவாடு காயவைக்க ஒரு முற்றம், வந்தவர் உட்கார ஒரு திண்ணை, இவை எதற்கும் வரைபடத்தில் இடமில்லை. கொடுத்த கழிப்பறையில் சாமான் அடுக்கினார்கள். வீட்டுக்கு முன்னால் ஓலைப் பந்தல் போட்டுப் பகலெல்லாம் அதன் கீழேயே கிடந்தார்கள்.

வேறு மாதிரியும் நடந்தது. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டிய வீடுகளைக் கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ், குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி வடிவமைத்தார். பணம் கொடுத்தவருக்கு இது அலுப்புத் தரும் வேலை. திறப்பு விழா தள்ளிப்போகும். ஆனால் அங்கே வாழப்போவது பணம் கொடுத்தவர் அல்லவே.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘ஊர் முடிவு செய்யட்டும்’ என்றால் ஊரில் யார்? மீனவப் பஞ்சாயத்தில் ஆண்கள் மட்டும்தான் உட்கார்ந்தார்கள். அதே கரையில் கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்களுக்கு நிவாரணப் பட்டியலில் இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. புதிய வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று சொன்னது அரசாணை. ஊர்க்கூட்டத்தின் முடிவுக்கு விட்டிருந்தால் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம். ஆகவே உரிமைக்கான விதியை மேலிருந்து கொடுங்கள். வாசலும் முற்றமும் மரமும் கீழிருந்து வரட்டும்.

இப்படி வடிவத்தை ஊரே எழுதித் தரும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. கேம்பிரிட்ஜுக்கு அருகில் இருக்கும் காட்டன்ஹாம் என்ற ஊர் 1994இல் தன் வடிவமைப்பு அறிக்கையை வெளியிட்டது. தெருவும் வீடும் ஊரின் விளிம்பும் எப்படி அமைய வேண்டும் என்று ஊரார் எழுதினார்கள். கட்டட அனுமதி தரும் மன்றம் அதை வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஊர் தயாரித்த திட்டத்தை ஊரில் வாக்கெடுப்புக்கு விட்டுச் சட்ட வலு கொடுத்தது. நேரமும் வசதியும் உள்ள ஊர்களே இதில் முந்திக்கொள்கின்றன, புதியவர்கள் குடிவராமல் தடுக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கேயும் உண்டு. அப்படியே பெயர்த்து வந்து நடவேண்டியதில்லை.

நமக்கு வாய்ப்பு இப்போதே இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் கட்ட இலக்கு. ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம். 360 சதுர அடியில் 300 அடிக்குக் காங்கிரீட் கூரை. மீதி 60 அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரையைப் பயனாளி தேர்ந்தெடுக்கலாம். தேர்வு என்று ஒன்று அந்த 60 அடிக்குள் நுழைந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் ராமநாதபுரத்துப் பொட்டலுக்கும் நீலகிரிச் சரிவுக்கும் ஒரே வீடு எப்படிப் பொருந்தும்?

ஆறு கிராம சபைகளில் ஒன்றை, உள்ளாட்சி தினமான நவம்பர் 1ஆம் தேதிக் கூட்டத்தை, இதற்கென்றே ஒதுக்கலாம். தலித் தெருவிலும் பெண்களிடமும் முன்னதாகவே தனித்தனியாகக் கேட்டுவிட வேண்டும். சாலையின் உயரம், மழைநீர் போகும் வழி, வெட்டக்கூடாத மரங்கள், வீட்டின் முன் விட வேண்டிய இடம் என இரண்டு பக்கத்தில் எழுதித் தீர்மானமாக்கினால் போதும். அது இணைக்கப்படாத மதிப்பீட்டை வட்டார வளர்ச்சி அலுவலர் ஏற்கக் கூடாது.

தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று ஆண்டுகள் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மறுபடியும் அதுவே நடந்தது. உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தாமல் தள்ளிப்போடும் இந்த வழக்கத்துக்கு அரசு முதலில் முடிவு கட்ட வேண்டும்.